அவசரக் கடனா, தவணைத் தள்ளிவைப்பா, நகையா? நெருக்கடியில் மாட்டிய சிறுதொழில் எதை எடுக்கலாம்

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கில் பட்டறைகளைப் பூட்டியபோது வந்த கேள்விதான், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தது. “பேங்க்ல கவர்ன்மென்ட் லோன் தர்றேங்கறாங்க. வாங்கிக்கலாமுங்களா?”

கோவையில் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. இரண்டு நெருக்கடிக்கும் அரசு எழுதிக் கொடுத்தது ஒரே மருந்துச் சீட்டுத்தான்: உத்தரவாதத்துடன் ஒரு கடன், கூடவே தவணையைத் தள்ளிவைக்க அனுமதி. 2020-ல் இவற்றை எடுத்தவர்கள் முழுக் கணக்கையும் முடித்துவிட்டார்கள். எதற்கு எவ்வளவு செலவானது என்பதை இன்று ரூபாயில் சொல்ல முடிகிறது. அந்தக் கணக்கை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் எதை வைத்து அளப்பது

வட்டி எத்தனை என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. என் வரிசையில் அது மூன்றாவது.

முதல் கேள்வி: உங்கள் பணம் தாமதமாகிறதா, இல்லை வரவே போவதில்லையா? பில் போட்டு பார்ட்டியிடம் நிற்கிற பணம் மூன்று மாதம் தள்ளி வரும் என்றால் அது தாமதம். அந்த மூன்று மாதத்தைக் கடன் வாங்கி ஓட்டலாம். ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியே அந்த லைனை மூடிவிட்டது என்றால் அது நஷ்டம். நஷ்டத்தைக் கடனால் அடைத்தால் நஷ்டத்தோடு வட்டியும் சேரும். நெருக்கடி வந்த முதல் மாதத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல். அதற்கு நான் சொல்லும் வழி, ஒரு தாளில் பத்து பெரிய பார்ட்டிகளின் பெயரை எழுதி ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அடுத்த ஆர்டர் எப்போது என்று மட்டும் கேட்பது. வசூல் பேச்சு வேண்டாம். ஆர்டர் பேச்சில்தான் உண்மை வெளிவரும்.

இரண்டாவது, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும். சனிக்கிழமை கூலிக்கு அடுத்த மாதம் வரும் கடன் உதவாது.

மூன்றாவது விலை. சதவீதத்தை விடுங்கள். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது வாங்கியதற்கு மேல் எத்தனை ரூபாய் போயிருக்கும் என்று பாருங்கள்.

நான்காவது, எதைப் பணயம் வைக்கிறோம். ஐந்தாவது, கிரெடிட் ரிப்போர்ட்டில் என்ன எழுதப்படும். இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து புது மெஷினுக்குக் கடன் கேட்கும்போது இதுதான் எதிரே வந்து நிற்கும்.

கடன் பேச்சுக்கு முன்னால் இன்னொன்று. உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம் சொல்கிறது. தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பெரிய பார்ட்டியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது, புரிகிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுத் தன்மையாக எழுதிய ஒரு கடிதத்துக்குப் பாதிப் பணம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு உத்தரவாத அவசரக் கடன்

2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த 3 லட்சம் கோடித் திட்டம் இது. ஈசிஎல்ஜிஎஸ் என்று வங்கிகளில் சொல்வார்கள். ஏற்கெனவே வங்கிக் கடன் உள்ளவர்களுக்கு, 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த தொகையில் 20 சதவீதம் கூடுதல் கடன். வங்கியில் வட்டி அதிகபட்சம் 9.25 சதவீதம், நிதி நிறுவனங்களில் 14 சதவீதம். மொத்தம் 4 வருடம், முதல் வருடம் வட்டி மட்டும். புதிதாக அடமானம் இல்லை, உத்தரவாதக் கட்டணம் இல்லை, முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. பின்னால் நிதி ஒதுக்கீடு 5 லட்சம் கோடியாக உயர்ந்து, திட்டம் 2023 மார்ச் வரை நீண்டது. ஓட்டல், சுற்றுலாத் துறைகளுக்கு முதலில் 40, பிறகு 50 சதவீதம் வரை, 6 வருடத் தவணையில் கொடுத்தார்கள்.

விலையைப் பார்ப்போம். 10 லட்சம் வாங்கினால் வங்கியில் முதல் வருடம் மாதம் 7,708 ரூபாய் வட்டி. அடுத்த 36 மாதம் தவணை 31,916 ரூபாய். முடிக்கும்போது வட்டி சுமார் 2.41 லட்சம். அதே 10 லட்சம் நிதி நிறுவனத்தில் 14 சதவீதத்துக்கு என்றால் வட்டி 3.70 லட்சம். ஒரே திட்டம், ஒரே உத்தரவாதம், 1.29 லட்சம் வித்தியாசம்.

இதில் நான் நின்று பேச விரும்புவது அந்தப் பிப்ரவரி 29-ஐப் பற்றி. கோவை கணபதியில் ஆறு லேத் வைத்திருந்த ஒருவருக்கு வங்கியில் 15 லட்சம் சிசி லிமிட், அதாவது வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டிக்கொள்ளும் கடன் வரம்பு. எப்போதும் 14 லட்சம் வரை எடுத்து ஓட்டுவார். பிப்ரவரி கடைசி வாரத்தில் பம்ப் கம்பெனியிலிருந்து வந்த 8 லட்சத்தை வழக்கம்போல அப்படியே சிசி கணக்கில் கட்டிவிட்டார். 29-ம் தேதி நிலுவை 6,20,000. அதில் 20 சதவீதம் 1,24,000. பக்கத்துப் பட்டறைக்கும் அதே லிமிட்தான். அவர் முழுவதையும் எடுத்து வைத்திருந்ததால் கிட்டத்தட்ட 3 லட்சம் கிடைத்தது. ஸ்டேட்மென்டில் அந்த ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒழுங்கா கட்டுனது தப்பாப் போச்சுங்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவசரக் கடன் உங்கள் தேவையை அளந்து தரப்படுவதில்லை, உங்கள் பழைய கடனை அளந்துதான் தரப்படுகிறது. வங்கியில் கடனே இல்லாமல் சொந்தக் காசில் தொழில் செய்தவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தத் தேதியில் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தவருக்கும் இல்லை. நெருக்கடிக்கு முன்பே நொடிந்து வாராக்கடன் ஆனவர்களுக்கென்று 2020 ஜூனில் துணைக் கடன் திட்டம் ஒன்று தனியாக வந்தது. அதில் அசல் கட்ட 7 வருடம் வரை அவகாசம் இருந்தது. அதுவும் 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, ‘100 சதவீத உத்தரவாதம்’ என்ற சொல். அது வங்கிக்குக் கொடுத்த உத்தரவாதம். நீங்கள் கட்டத் தவறினால் அரசின் அறங்காவல் நிறுவனம் வங்கிக்குப் பணம் தரும். அதன் பிறகும் உங்களிடம் வசூலிக்கும் வேலை நிற்காது, சிபில் என்கிற கிரெடிட் மதிப்பெண்ணும் கெடும். அமெரிக்காவில் தள்ளுபடி செய்தார்களே, இங்கும் செய்வார்கள் என்று 2020-ல் பலர் நம்பினார்கள். அமெரிக்காவின் பிபிபி கடன், பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவழித்தால் தள்ளுபடி என்று விதியிலேயே எழுதிக் கொடுத்த கடன். பிரிட்டனின் பவுன்ஸ் பேக் கடனில் முதல் வருட வட்டியை அரசே கட்டியது, அதற்குப் பின் 2.5 சதவீதம். நம் திட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. தள்ளுபடி வரும் என்று காத்திருந்து தவணையை விட்ட ஒருவருக்கு நானே வங்கிக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது, ‘அடமானம் இல்லை’ என்பது. புது அடமானம்தான் இல்லை. பழைய கடனுக்குக் கொடுத்த வீட்டுப் பத்திரத்தின் மேல் இந்தக் கடனுக்கும் இரண்டாம் உரிமை ஏறும். பழைய கடனை அடைத்துவிட்டுப் பத்திரம் கேட்கப் போனவர்கள், இது பாக்கியிருக்கிறது என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். சிறிய கடன்களுக்கு, 25 லட்சம் வரை, பிறகு இதைத் தளர்த்தினார்கள்.

எப்போது இதுவே சரி: கணக்கு ஒழுங்காக இருக்கிறது, ஆர்டர் உயிரோடு இருக்கிறது, பணம்தான் தாமதம் என்றால் யோசிக்காமல் எடுங்கள். வங்கியிலிருந்து கிடைத்தால் இதைவிட மலிவான பணம் நெருக்கடி நேரத்தில் வராது. திருப்பூர் உட்பட நாடு முழுவதும் உள்ள ஏற்றுமதியாளர்களுக்காக 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 20,000 கோடித் திட்டமும் இதே 100 சதவீத உத்தரவாத வகைதான். கையெழுத்துப் போடும் முன் மேலே சொன்ன இரண்டையும் கிளையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தவணைத் தள்ளிவைப்பு

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம் அனுமதித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. விண்ணப்பம் எளிது, பல வங்கிகளில் ஒரு குறுஞ்செய்தியோடு முடிந்தது. கிரெடிட் ரிப்போர்ட்டில் பாக்கி என்று வராது. அதனால் இதை இலவசம் என்று நினைத்தவர்கள் ஏராளம்.

20 லட்சம் நிலுவை, 11 சதவீத வட்டி, 48 மாதம் பாக்கி உள்ள ஒரு மெஷின் கடன். தவணை 51,691 ரூபாய். ஆறு மாதம் நிறுத்தினால் அந்த ஆறு மாத வட்டி அசலோடு சேர்ந்து நிலுவை 21.12 லட்சத்தைத் தாண்டும். அதே தவணையைக் கட்டினால் 48-க்குப் பதில் ஏறக்குறைய 51.5 தவணை. கூடுதல் செலவு சுமார் 1.78 லட்சம்.

இப்போது வேறு வழி. அந்த ஆறு தவணைக்கான 3.1 லட்சத்தை அவசரக் கடனாக 9.25 சதவீதத்துக்கு வாங்கி, மெஷின் கடனை நிறுத்தாமல் கட்டியிருந்தால் கூடுதல் செலவு சுமார் 75 ஆயிரம்தான். ஆனால் இரண்டாம் வருடத்திலிருந்து மாதம் 9,900 ரூபாய் போல கூடுதலாகக் கட்ட வேண்டும். தள்ளிவைப்பில் அந்த மாதச் சுமை இல்லை, சுமை முழுவதும் கடைசிக்குப் போய்விடுகிறது. மொத்த ரூபாய் முக்கியமா, மாதாமாதம் மூச்சு விட இடம் முக்கியமா என்பதே இங்கே கேள்வி. என்னிடம் வந்தவர்களில் மாதம் 10 ஆயிரம் தாங்கக்கூடியவர்களுக்கு நான் தள்ளிவைப்பைச் சொல்லவில்லை.

இந்த வட்டிக்கு வட்டி விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலில் 2 கோடி வரை கடன் வாங்கியவர்களுக்கு, கூட்டு வட்டிக்கும் சாதா வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு திருப்பித் தந்தது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, கடன் எவ்வளவு என்றாலும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்றது. கையில் வந்தது சிறு தொகைதான், ஏனென்றால் சாதா வட்டி அப்படியே நின்றது. 2025 நவம்பரில் ஏற்றுமதியாளர்களுக்கு செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது, சாதா வட்டி மட்டுமே என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டது.

எப்போது இதுவே சரி: அவசரக் கடனுக்குத் தகுதியில்லை, அல்லது அது கைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றால். இன்னொன்று, கடன் முடிய ஐந்தாறு தவணைதான் பாக்கி என்றால், கூடுதல் செலவு மிகக் குறைவு.

கடன் மறுசீரமைப்பு

ஆறு மாதத்தில் சரியாகிவிடாத தொழில்களுக்கானது இது. ஸ்கூல் வேன் ஓட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. தவணைத் தள்ளிவைப்பு 2020 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. நடுவில் 14 மாதம் வண்டி மரத்தடியில் நின்றது. டயருக்கு அடியில் புல் முளைத்திருந்த வண்டிகளை நான் பார்த்தேன்.

சிறுதொழில் கடன்களை வாராக்கடன் ஆக்காமல் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி மாற்றி எழுத ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டிலும், மறுபடி 2021 மே மாதத்திலும் அனுமதி தந்தது. அவசரக் கடனை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அப்போது 4 வருடத்தை 5 வருடமாக்கிக்கொள்ள வழி வந்தது.

இதன் விலையைப் பணத்தில் மட்டும் பார்க்கக் கூடாது. ரிப்போர்ட்டில் ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்று ஏறும். அதைப் பார்த்ததும் அடுத்த வங்கி தயங்கும். உங்கள் வங்கிக்கும் இதில் ஆர்வம் குறைவு, ஏனென்றால் இப்படிச் செய்த கடனுக்கு அது கூடுதலாக நிதி ஒதுக்கி வைக்க வேண்டும். கிளையில் தானாக யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். கடைசித் தேதி இருக்கும், அது போனால் போனதுதான்.

ஆனாலும் வாராக்கடன் ஆகி வண்டியைத் தூக்கிப் போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். வருமானம் பாதியாகி, மறுபடி முழுதாக ஒன்றரை இரண்டு வருடம் ஆகும் என்று தெரிந்தால், வெட்கப்படாமல் முதல் ஆளாகப் போய்க் கேளுங்கள்.

நகைக்கடன்

வேகத்தில் இதற்கு ஈடில்லை. காலையில் பீரோவைத் திறந்தால் மதியம் பணம். ரிப்போர்ட், நிலுவை, தேதி எதுவும் கேட்கமாட்டார்கள். வங்கிக் கடனே இல்லாதவருக்கும் கிடைக்கும்.

2020 ஆகஸ்டில் நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் என்ற வரம்பை வங்கிகளுக்கு 90 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அந்த மாதம்தான் தங்கம் உச்சத்தில் இருந்தது, 10 கிராம் 56 ஆயிரத்தை ஒட்டி. 2021 மார்ச்சில் 45 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. உச்ச விலையில் 90 சதவீதம் வாங்கியவர்களுக்கு, நகையின் மதிப்பு கடனைவிடக் கீழே போனது. வித்தியாசத்தைக் கட்டச் சொல்லியும், கூடுதல் நகை கேட்டும் அழைப்பு வந்தது. தொழிலில் பணம் இல்லாததால்தான் நகையை வைத்தார்கள், அவர்களிடமே மறுபடி பணம்.

இன்னொரு செலவை நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகை. தொழில் கையெழுத்தில் அவர்கள் பெயர் இருக்காது, முடிவிலும் இருக்காது. நகையை வைப்பதாக இருந்தால் தொழிலின் உண்மை நிலையை முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எப்போது சரி: தொகை சிறியது, ஆறு மாதத்துக்குள் வரப்போகிற பணம் எது என்று பெயரோடு தெரியும், வரம்பு முழுவதையும் வாங்காமல் மதிப்பில் பாதி, 60 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள முடியும். நஷ்டத்தை அடைக்க நகையை வைக்காதீர்கள்.

தள்ளுவண்டிக்கும் நடைபாதைக் கடைக்கும்

இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இவர்கள் எடுப்பது தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே என்று தோன்றும். கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டிய வட்டி.

2020 ஜூன் 1 அன்று தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் அதே 10,000 ரூபாய் ஒரு வருடத் தவணையில், 7 சதவீத வட்டி மானியத்தோடு கிடைத்தது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000. 2025-ல் இதை மாற்றி முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000 என்று உயர்த்தி 2030 மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். மாநகராட்சியோ நகராட்சியோ தரும் வியாபாரிச் சான்று, அது இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அந்தத் தாளுக்காக இரண்டு மூன்று நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அலைவதுதான் இதன் மறைந்த செலவு. நெருக்கடி வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒப்பிட்டு யோசிக்க ஒன்றுமே இல்லை, தண்டலைவிட இது எல்லா வகையிலும் மேல்.

ஒரே பார்வையில்

| வழி | கைக்கு வர | செலவு | பணயம் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அவசரக் கடன் | சில வாரம் | 10 லட்சத்துக்கு 2.41 லட்சம் (வங்கி), 3.70 லட்சம் (நிதி நிறுவனம்) | பழைய அடமானத்தின் மேல் இரண்டாம் உரிமை | ஆர்டர் உண்டு, பணம் தாமதம் |
| தவணைத் தள்ளிவைப்பு | உடனே மூச்சு விடலாம், புதுப் பணம் வராது | 20 லட்சத்துக்கு ஆறு மாதம் நிறுத்தினால் 1.78 லட்சம் | புதிதாக இல்லை | அவசரக் கடன் கிடைக்காதவர், கடன் முடியும் தறுவாயில் இருப்பவர் |
| மறுசீரமைப்பு | ஓரிரு மாதம் | நீண்ட கால வட்டி, ரிப்போர்ட்டில் குறிப்பு | புதுக் கடன் வாய்ப்பு | மீள ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் தொழில் |
| நகைக்கடன் | அதே நாள் | விலை இறங்கினால் கூடுதல் பணம் | குடும்ப நகை | சிறு தொகை, குறுகிய காலம் |
| ஸ்வநிதி | சான்றைப் பொறுத்து | மிகக் குறைவு | இல்லை | நடைபாதை வியாபாரி |

எடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வு

அவசரக் கடன் 2020-ல் வங்கியே முன்வந்து தந்த கடன். வேண்டாம் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனாலேயே, வந்த காசை ஏன் விடுவது என்று வாங்கியவர்கள் உண்டு. கல்லூரி கேன்டீன் நடத்திய ஒருவருக்கு 1.8 லட்சம் தருவதாகக் குறுஞ்செய்தி வந்தது. மேலே சொன்ன தாளை அவரிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். அவருக்குப் பத்து பார்ட்டி இல்லை, ஒரே ஒரு கல்லூரிதான். முதல்வர் அறைக்குப் போன் செய்தார். எப்போது திறக்கும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அன்று மாலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு ஃப்ரீசரையும் கிரைண்டரையும் விற்றார். வந்த பணத்தில் மூன்று வேலையாட்களுக்கும் சேர வேண்டியதைக் கொடுத்தார். மிச்சத்தில் பழைய கடனை முழுதாக அடைத்துவிட்டு, அண்ணனின் மளிகைக் கடையில் பில் போடப் போனார். 2022 ஜூனில் வேறொரு கல்லூரியில் கேன்டீன் கிடைத்தபோது பாத்திரம் வாங்க, சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் கேட்டார். ரிப்போர்ட்டில் ஒரு பாக்கியும் இல்லை. ஒன்பதாவது நாள் பணம் கணக்கில் ஏறியது.